ஸ்டார்ஷிப்: அடுத்த சோதனைப் பறப்புக்கு முன் தரையில் என்ன நடக்கிறது? (விவாத இழை)

#1 உந்துமுனை

ஸ்பேஸ்எக்ஸ் நிறுவனத்தின் ஸ்டார்ஷிப் ராக்கெட்டின் ஒவ்வொரு பறப்புக்கு முன்னாலும் இந்தக் கேள்வி வந்துவிடுகிறது: "ஸ்டாட்டிக் ஃபயர் (மேடையில் பிடித்துவைத்து எஞ்சினை எரிக்கும் சோதனை) முடிந்துவிட்டதே, இன்னும் ஏன் கிளம்பவில்லை?" வெவ்வேறு இழைகளில் துண்டு துண்டாகப் பதில் சொல்வதைவிட, கட்டுமானக் கூடத்தைவிட்டு வெளியே வருவதிலிருந்து எஞ்சின் பற்றும் நொடிவரை எல்லாவற்றையும் இங்கேயே பேசிவிடலாம்.

அளவுகளை ஒருமுறை சொல்லிவிடுகிறேன். விட்டம் 9 மீட்டர். கீழே முதல் கட்டமான சூப்பர் ஹெவி பூஸ்டர், 33 ராப்டர் எஞ்சின். மேலே ஷிப், 6 ராப்டர். அதில் மூன்று கடல்மட்ட வகை, மூன்று வெற்றிட வகை. அடுக்கி நிறுத்தினால் 120 மீட்டருக்கு மேல். பூஸ்டரில் மட்டும் சுமார் 3,400 டன் திரவ ஆக்சிஜனும் திரவ மீத்தேனும். இத்தனையையும் தாங்குவது ஏறக்குறைய 4 மில்லிமீட்டர் தடிமனுள்ள துருப்பிடிக்காத எஃகு.

வழக்கமான வரிசை: கிரையோ சோதனை (கடுங்குளிர்த் திரவம் நிரப்பித் தொட்டியைப் பார்ப்பது), எஞ்சின் பொருத்தல், ஸ்டாட்டிக் ஃபயர், மறுபடி கூடத்துக்குத் திரும்பி ஆய்வும் டைல் (வெப்பக் காப்பு ஓடு) வேலையும், பிறகு ஏவுதளத்தில் அடுக்கல், தேவைப்பட்டால் எரிபொருள் நிரப்பி ஒத்திகை, பறப்பு. இந்த வரிசை கல்வெட்டு அல்ல, இடையில் மாறும்.

என் கட்சி என்னவென்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இந்த ராக்கெட்டைத் தள்ளிப்போட வைப்பதும் சிதற வைப்பதும் பெரும்பாலும் எஞ்சின் அல்ல, குழாய், வால்வு, வாயுத் தொட்டி, ஃபில்டர். மறுப்பவர்கள் வரலாம்.

#2 தகடு_9மீ

கிரையோவை நான் எடுத்துக்கொள்கிறேன்.

ஏன் திரவ நைட்ரஜன்? எரியாது, எரியவும் விடாது. வெல்டிங் பிளந்தால் வெள்ளை மேகமும் கிழிந்த தகடும்தான் மிஞ்சும், தீப்பந்து இல்லை. கொதிநிலை மைனஸ் 196 டிகிரி. ஆக்சிஜனுக்கு மைனஸ் 183, மீத்தேனுக்கு மைனஸ் 161. குளிர்ச்சியைப் பொறுத்தவரை நைட்ரஜன் சோதனை கொஞ்சமும் சலுகை காட்டுவதில்லை.

எடை விஷயத்தில்தான் வித்தியாசம். ஒரு கன மீட்டர் திரவ ஆக்சிஜன் சுமார் 1,140 கிலோ. நைட்ரஜன் சுமார் 805. மீத்தேன் சுமார் 420. ஆகவே ஆக்சிஜன் தொட்டியை நைட்ரஜனால் நிரப்பினால் நிஜ எடையில் சுமார் 70 சதவீதம்தான் வரும். மீத்தேன் தொட்டியை அப்படியே முழுக்க நிரப்பினாலோ எடை கிட்டத்தட்ட இரட்டிப்பாகிவிடும். பூஸ்டர், ஷிப் இரண்டிலுமே மீத்தேன் தொட்டி மேலே, ஆக்சிஜன் தொட்டி கீழே. எந்தத் தொட்டியை எவ்வளவு, எந்த வரிசையில் நிரப்புவது, எதில் எவ்வளவு அழுத்தம் வைப்பது என்பதே தனிக் கணக்கு.

அந்தக் கணக்கு தப்பினால் என்னாகும் என்பதற்கு எஸ்என்3 என்ற ஆரம்பகால ஷிப் மாதிரி சாட்சி. 2020 ஏப்ரல் 3 அன்று கீழ்ப்பகுதி மடிந்து, மேலே இருந்த தொட்டி அதன்மேல் சரிந்தது. வெல்டிங்கில் குறையில்லை, சோதனை அமைப்பில் நேர்ந்த பிழை என்று பிறகு சொன்னார்கள். உள்ளழுத்தம் இல்லாவிட்டால் 9 மீட்டர் விட்டமுள்ள அந்த உருளை வெறும் தகடுதான். தலையில் நூற்றுக்கணக்கான டன்னை வைத்தால் நிற்காது. அதற்கு ஒரு மாதம் முன்பு, பிப்ரவரி 28 அன்று எஸ்என்1 அடிப்பகுதியில் பிய்த்துக்கொண்டது வேறு ரகம். அது வெல்டிங்கும் அடிக்கூட்டும் சம்பந்தப்பட்டது.

அழுத்தம்: சுற்றுப்பாதைப் பறப்புக்கு சுமார் 6 பார் என்று அந்தக் காலத்தில் மஸ்க் சொன்ன எண். ஆள் ஏறும் வாகனத்துக்கு 1.4 மடங்கு பாதுகாப்பு வேண்டுமென்றால் 8.5 பார். தொட்டிக்குள் அழுத்தம் ஏற்றுவதோடு, எஞ்சின்கள் உந்தும் விசையைப் போலவே அடியிலிருந்து ஹைட்ராலிக் தண்டுகளால் தள்ளியும் பார்ப்பார்கள். அந்தத் தள்ளல் இல்லாத கிரையோ அரைச் சோதனைதான்.

இன்னொன்று, சுருக்கம். இந்த வகை எஃகு அறை வெப்பத்திலிருந்து நைட்ரஜன் குளிருக்குப் போனால் மீட்டருக்கு ஏறக்குறைய 3 மில்லிமீட்டர் சுருங்கும். 70 மீட்டர் உயரமுள்ள பூஸ்டர் முழுதும் குளிர்ந்தால் 20 சென்டிமீட்டர் வரை குட்டையாகிவிடும்! சுவரோடு ஒட்டி வெளியே ஓடும் கேபிளும் சிறு குழாய்களும் அதே அளவுக்குக் குளிர்வதில்லை, சுருங்குவதுமில்லை. பிடிப்புகள் நழுவிக்கொடுக்காவிட்டால் ஏதாவது ஒரு இணைப்பு இழுபடும் அல்லது வளையும். கிரையோ முடிந்ததும் ஆட்கள் லிஃப்டில் ஏறி உடல் நெடுக ஒவ்வொரு பிடிப்பாகத் தடவிப் பார்ப்பது இதற்காகத்தான்.

#3 மின்மினி

அருமை. ஒரு சந்தேகம். கிரையோல தேறின ஷிப் 36, 2025 ஜூன்ல ஸ்டாட்டிக் ஃபயருக்குத் தயாராகும்போது வெடிச்சுதே, அது எப்படி? எஞ்சின் பற்றவே இல்லையே.

#4 உந்துமுனை

பற்றவில்லை, அதுதான் விஷயமே. 2025 ஜூன் 18, மாஸீஸ் சோதனைத் தளம். மூக்குப் பகுதியில் இருந்த ஒரு சிஓபிவி உடைந்தது. உள்ளே உலோகக் கலம், வெளியே கார்பன் நார் சுற்றி ரெசினால் இறுக்கிய உயரழுத்த வாயுத் தொட்டி அது. அதில் இருந்தது நைட்ரஜன், எரியக்கூடிய வாயுவே இல்லை. ஆனால் அந்த அழுத்தம் ஒரே நொடியில் வெளியேறியபோது பக்கத்துக் கட்டமைப்பு கிழிந்தது, மீத்தேனும் ஆக்சிஜனும் கலந்தன, மீதி காணொளியில் பார்த்ததுதான்.

கார்பன் நார்ச் சுற்றில் ஒரு தொல்லை உண்டு. ஸ்பானர் தவறி விழுந்தாலோ, பொருத்தும்போது எதன்மீதாவது இடித்தாலோ, மேற்பரப்பில் ஒரு கீறல்கூடத் தெரியாமல் உள்ளே நார்கள் அறுந்திருக்கும். எஃகு என்றால் நசுங்கிக் காட்டிக்கொடுக்கும், இது கொடுக்காது. கண்டறியப்படாத அல்லது சரியாகச் சோதிக்கப்படாத சேதம் என்றே நிறுவனமும் சொன்னது. அதன் பிறகு செய்த மாற்றங்கள்: சிஓபிவிகளைக் குறைந்த அழுத்தத்தில் இயக்குவது, கூடுதல் ஆய்வும் அழுத்தச் சோதனையும், ஏற்பு விதிகளை இறுக்குவது, உடைக்காமல் உட்சேதம் பார்க்கும் புதிய முறை, வெளிப்புறக் கவசம். என் பார்வையில் இதில் மலிவானதும் பலன் அதிகமானதும் கடைசியில் சொன்ன கவசம்தான்.

2025 நவம்பர் 21 அன்று பூஸ்டர் 18 கிழிந்ததும் இதே தளத்தில்தான். மூன்றாம் தலைமுறையின் முதல் பூஸ்டர்; வாயு அமைப்பின் அழுத்தச் சோதனை நடந்துகொண்டிருந்தது. எரிபொருளும் இல்லை, எஞ்சின்களும் மாட்டவில்லை. என் கட்சிக்கு இரண்டு ஓட்டு.

#5 சுழலி

உங்கள் கட்சிக்கு எதிர் ஓட்டு ஒன்று, உந்துமுனை: எட்டாவது பறப்பு. 2025 மார்ச் 6. ஷிப்பின் நடு ராப்டர் ஒன்றில் வன்பொருள் கோளாறு; கலக்கக் கூடாத இடத்தில் எரிபொருளும் ஆக்சிஜனும் கலந்து பற்றிக்கொண்டன. அது எஞ்சின்தான்.

சரி, எஞ்சின் சோதனைக்கு வருகிறேன். டெக்சாஸின் மக்கிரெகர் எஞ்சின் சோதனைத் தளத்தில் ஒவ்வொரு எஞ்சினையும் தனியாக எரித்துப் பார்த்துத்தான் அனுப்புகிறார்கள். ஆனாலும் 33ஐச் சேர்த்து மாட்டியதும் அது வேறு இயந்திரம். இரண்டு படி.

ஸ்பின் பிரைம்: பற்றவைக்காமல் உயரழுத்த வாயுவால் டர்போபம்புகளைச் சுழலவிட்டு, திரவத்தைப் பம்பு வழியாக ஓட்டிப் பார்ப்பது. வால்வு திறக்கும் நேரம், சுழல் வேகம், கசிவு எல்லாம் தெரியும். ஆபத்து எங்கே? எரியாத மீத்தேனும் ஆக்சிஜனும் வெளியே கொட்டுகின்றன. 2022 ஜூலை 11 அன்று பூஸ்டர் 7க்கு அடியில் அப்படிச் சேர்ந்த மேகம் பற்றி வெடித்தது. இனி 33ஐயும் ஒரே நேரத்தில் ஸ்பின் செய்வதில்லை என்று அதன்பிறகு முடிவு.

ஸ்டாட்டிக் ஃபயர்: 2023 பிப்ரவரி 9 அன்று பூஸ்டர் 7 முதல்முறை முழுக் கூட்டமாக எரிந்தது. ஒன்றைக் குழுவே அணைத்துவிட்டது, ஒன்று தானாக நின்றது, 31 எரிந்தன. முழு உந்துவிசையில் பாதி அளவுக்குத்தான் ஓட்டினார்கள். முதலாம் ஏவுமேடையில் 20 பிடிகள் பூஸ்டரின் காலைக் கவ்விக்கொண்டிருந்தன.

அந்த 33இல் நடுவில் 3, அடுத்த வட்டத்தில் 10; இந்த 13 திரும்பக்கூடியவை, வானத்தில் மறுபடி பற்றக்கூடியவை. வெளிவட்டத்து 20 அசையாதவை. அவற்றின் தொடக்கச் சுழற்சிக்கு வேண்டிய வாயு இரண்டாம் தலைமுறைவரை ஏவுமேடையிலிருந்தே வந்தது. ஆகவே வெளிவட்ட எஞ்சின் ஒன்று பற்றவில்லை என்றால் எஞ்சினை மட்டும் குற்றம் சொல்ல முடியாது. மேடையின் வால்வு, துண்டிப்பு இணைப்பு, வாயு அழுத்தம் மூன்றையும் பார்க்க வேண்டும்.

#6 மின்மினி

அப்போ ஸ்டாட்டிக் ஃபயர்ல 33ம் எரிஞ்சா ராக்கெட் ரெடின்னு எடுத்துக்கலாம்தானே?

#7 சுழலி

கூடாது. மேடையில் கவ்விப் பிடித்து எரிப்பதில் மூன்று விஷயம் வராது.

ஒன்று, திரவம் தளும்புவது. இரண்டாம் பறப்பில் (2023 நவம்பர் 18) எல்லா எஞ்சினும் ஒழுங்காக எரிந்து, பிரிந்து, திரும்பும்போதுதான் பூஸ்டர் போனது. எஞ்சினுக்கு ஆக்சிஜன் போகும் வழியில் ஃபில்டர் அடைப்பு. மூன்றாவதிலும் அதே அடைப்பு. அடைத்தது பனி என்பது வெளியில் இருந்து பலர் செய்த ஊகம். அறிக்கை ஃபில்டர் அடைப்பு என்பதோடு நின்றுவிட்டது. எதுவாக இருந்தாலும், தொட்டி பாதிக்கு மேல் காலியாகி, ராக்கெட் தலைகீழாகப் புரளும் நிலையை மேடையில் உண்டாக்க முடியாது.

இரண்டு, அதிர்வு. ஏழாவது பறப்பில் (2025 ஜனவரி 16) ஷிப்பின் வால்பகுதியில் தரைச் சோதனையில் கண்டதைவிடப் பலமடங்கு வலுவான ஒத்ததிர்வு. அதனால் குழாய் இணைப்புகளில் கசிவு, எஞ்சின்களுக்கு மேலே தீ. ஷிப் மேடையில் போல்ட் போட்டு நிற்கும்போது அதிரும் விதமும், விண்ணில் பிடிப்பின்றிப் போகும்போது அதிரும் விதமும் ஒன்றல்ல. தொட்டியின் எடை குறையக் குறைய அதிர்வெண் வேறு நகரும்.

மூன்று, காற்று. மேலே ஏறும்போதும் கீழே இறங்கும்போதும் உடல்மீது விழும் அழுத்தத்துக்குத் தரையில் மாற்று இல்லை.

#8 தகடு_9மீ

ஏழாவதுக்குப் பிறகு ஷிப் 34ஐ 60 விநாடி, வெவ்வேறு உந்துவிசை நிலைகளில் எரித்தார்களே. வெற்றிட எஞ்சின்களுக்குப் போகும் குழாய்களை மாற்றினார்கள், கூடுதல் வென்ட், நைட்ரஜன் வாயுச் சுத்திகரிப்பு எல்லாம் வைத்தார்கள். ஆனாலும் எட்டாவது அதே கட்டத்தில் போனது. அந்த 60 விநாடிச் சோதனையால் என்ன பயன் என்று கேட்டால் என்ன சொல்வீர்கள்?

#9 சுழலி

பயன் இருந்தது என்றுதான் சொல்வேன். எட்டாவதில் ஷிப் போன நேரமும் இடமும் ஏழாவதைப் போலத் தெரிந்தாலும் காரணம் வேறு என்று ஆய்வு சொன்னது. அதிர்வுக்கான மருந்து வேலை செய்தது. நோயாளிக்கு வேறொரு நோய். எட்டாவதுக்குப் பிறகு முக்கிய இணைப்புகளில் முன்னிறுக்கத்தை (பொருத்தும்போதே இறுக்கி வைக்கும் விசையை) கூட்டினார்கள், எஞ்சின் பகுதியின் நைட்ரஜன் அமைப்பையும் எரிபொருள் வடிகாலையும் மாற்றினார்கள். பறப்பு 9இல் ஷிப் அந்தக் கட்டத்தைத் தாண்டியது.

#10 உந்துமுனை

ஆமாம், தாண்டியது. பிறகு எதனால் கட்டுப்பாடு இழந்தது? மீத்தேன் தொட்டிக்கு அழுத்தம் தரும் வாயு உள்ளே நுழையும் இடத்து டிஃப்யூசர். தொட்டியின் மேல் குவிமாடத்தில் இருக்கும் சிறு பாகம் அது. உடைந்து, வாயு மூக்குப் பகுதிக்குள் போய், தொட்டியில் அழுத்தம் குறைந்தது. மறுவடிவமைத்த டிஃப்யூசரை எதிர்பார்க்கும் ஆயுளைப்போல் பத்து மடங்குக்கு மேல் ஓட்டிப் பார்த்தார்கள். பறப்பு 10இல் (2025 ஆகஸ்ட் 26) பிரச்சினை இல்லை. மறுபடியும் குழாய் வேலைதான், சுழலி!

#11 கறுப்புஓடு

எல்லாரும் அடிப்பக்கமே நிக்கறீங்க, கொஞ்சம் வயித்துப் பக்கமும் பாருங்க. டைல்.

ஷிப்ல ஏறக்குறைய 18,000 டைல், பெரும்பாலும் அறுகோணம். எஃகு மேல வெல்ட் பண்ணின ஊசிகள்ல அழுத்தி மாட்டறது. வளைஞ்ச மூக்கு, ஃபிளாப் (இறங்கும்போது திசை திருப்பற இறக்கை) ஓரம், தூக்குப் புள்ளிகளைச் சுத்தின இடம், இங்கெல்லாம் தனித்தனி வடிவம், சிலது பசை. வேலை மெதுவாப் போறது இந்த இடங்கள்லதான்.

மாட்டின பிறகு உறிஞ்சு கருவி வெச்சு இழுத்துப் பாக்கறாங்க. ஊசியில சரியா உக்காராத டைல் அப்போ கையோட வந்துடும். கிரையோவுக்கும் ஸ்டாட்டிக் ஃபயருக்கும் அப்புறம் மறுபடி ஒரு சுற்று ஆய்வு. எஃகு சுருங்கும், டைல் அந்த அளவுக்குச் சுருங்காது. இடைவெளி ரொம்ப நெருக்கமா இருந்தா ஓரம் ஒண்ணோட ஒண்ணு மோதி சில்லு பேரும், ரொம்ப விலகி இருந்தா சூடான வாயு உள்ள பூந்துடும்.

நாலாவது பறப்புல ஃபிளாப் கீல் வழியா எரிஞ்சு ஓட்டையானதை நேரலையில பாத்தோம். அதுக்கப்புறம் அஞ்சாவதுக்கு முன்னாடி மொத்த டைலையும் கழட்டி, புது வகை டைல், அடியில அரிமானப் படலம் (தானே கருகி வெப்பத்தைத் தடுக்கற அடுக்கு), கீல் இடுக்குல கூடுதல் காப்பு. இதுக்கு மட்டும் 12,000 மணி நேரத்துக்கு மேல உழைப்பு. தேதி ஏன் தள்ளுதுன்னு கேக்கறவங்க இந்த ஒரு எண்ணை ஞாபகம் வெச்சுக்கணும்.

பத்தாவதுல ஷிப் ஆரஞ்சு நிறமா இறங்குச்சே, அது சோதனைக்கு வெச்ச உலோக டைல் ஆக்சிஜனேற்றம் ஆனது. சில இடத்துல டைல் இல்லாம இருக்கறதும் வேணும்னே விடறதுதான். படத்துல இடைவெளியைப் பாத்ததும் "டைல் விழுந்துடுச்சு"ன்னு இழை தொடங்காதீங்க.

#12 மின்மினி

ஹாஹா, அந்த இழையைத் தொடங்குனது நான் இல்ல. தேதி தள்றதுல எஃப்ஏஏ (அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகம்) பங்கு எவ்வளவு?

#13 உந்துமுனை

பறப்பில் விபத்து என்று அறிவிக்கப்பட்டால் விசாரணையை நிறுவனம் நடத்தும், எஃப்ஏஏ மேற்பார்வையிடும். அறிக்கை முடிவதற்காகக் காத்திருக்காமல், பொதுமக்கள் பாதுகாப்புக்குப் பாதகமில்லை என்ற தீர்மானத்தோடு அடுத்த பறப்புக்கு அனுமதி கிடைப்பதும் உண்டு. ஏழாவது பறப்பின் சிதைவுகள் டர்க்ஸ் அண்ட் கேக்கஸ் தீவுகள் பக்கம் விழுந்த பிறகு கெடுபிடி கூடியது. ஒன்பதாவதுக்கு விமான அபாயப் பகுதியை 885 கடல் மைலிலிருந்து 1,600 கடல் மைலாக நீட்டினார்கள், விமானப் போக்குவரத்து குறைந்த நேரத்தில்தான் ஏவ வேண்டும் என்ற நிபந்தனையோடு.

வழிதவறும் ராக்கெட்டை வெடிவைத்து உடைக்கும் தானழிப்பு அமைப்பும் இந்தக் கணக்கில்தான் வரும். முதல் பறப்பில் (2023 ஏப்ரல் 20) கட்டளை போய் வெடிமருந்து வெடித்த பிறகும் ராக்கெட் உடைய சுமார் 40 விநாடி ஆனது. தொட்டியில் ஓட்டை விழுந்தது, ஆனால் உருளை உடனே பிளக்கவில்லை. அடுத்த பறப்புக்கு முன் அதை வலுப்படுத்தியாக வேண்டியிருந்தது. வெடிமருந்து என்பதால் கடைசிக் கட்டத்தில்தான் பொருத்துவார்கள். பொருத்திய பின் பக்கத்தில் யார் எந்த வேலை செய்யலாம் என்பதற்குக் கட்டுப்பாடு அதிகம்.

#14 தகடு_9மீ

அதே முதல் பறப்பு ஏவுமேடைக்கு அடியிலிருந்த கான்கிரீட்டைப் பெயர்த்துப் பள்ளமாக்கியது. அதன் பிறகு வந்தது நீர் பீய்ச்சும் எஃகுத் தகடு. ஒரு ஏவுதலுக்குச் சுமார் 13 லட்சம் லிட்டர் தண்ணீர். பறப்புக்கு முன் இதைத் தனியாக ஒருமுறை ஓட்டிப் பார்ப்பது சடங்கு அல்ல. நீர் முழு அழுத்தத்துக்கு வர எவ்வளவு நேரமாகிறது என்பது கவுண்ட்டவுனில் நேராக உட்காருகிறது.

#15 சுழலி

கவுண்ட்டவுன் வந்துவிட்டதால் சொல்கிறேன். முதலாம் ஏவுமேடையில், இரண்டாம் தலைமுறைவரை பின்பற்றிய நேரங்கள் இவை; மூன்றாம் தலைமுறைக்கு மேடையே புதிது, எண்கள் மாறும்.

ஒன்றேகால் மணி நேரம் முன்பு எரிபொருள் ஏற்றலாமா என்று வாக்கெடுப்பு. முக்கால் மணி நேரத்துக்குச் சற்று முன்னும் பின்னுமாக ஷிப்பும் பூஸ்டரும் நிரம்பத் தொடங்கும். சுமார் 20 நிமிடம் இருக்கும்போது எஞ்சின்களைக் குளிர்விக்கத் தொடங்குவார்கள். சூடான பம்புக்குள் திரவ ஆக்சிஜன் போனால் குமிழியாகி, பம்பு காலியாகச் சுழன்று வேகம் எகிறிவிடும். ஏறக்குறைய 3 நிமிடத்தில் நிரப்புதல் முடியும். 30 விநாடியில் இறுதிச் சம்மதம், 10 விநாடியில் நீர்த் தகடு, 3 விநாடியில் பற்றவைப்பு. கணக்குப் போட்டால் இரண்டிலும் சேர்த்து நிமிடத்துக்கு ஏறக்குறைய நூறு டன் ஏற்றுகிறார்கள்.

இவ்வளவு அவசரம் ஏன்? கொதிநிலைக்கும் கீழே குளிர்வித்த திரவம் அது. குளிர்ந்தால் அடர்த்தி கூடும், அதே தொட்டியில் கூடுதல் டன் கொள்ளும். ஆனால் காப்புறை இல்லாத எஃகுத் தொட்டியில் நிற்க நிற்கச் சூடேறும். 40 விநாடிப் புள்ளியில் கவுண்ட்டவுனைப் பிடித்து வைக்க முடியும், ஆனால் சில நிமிடங்கள்தான். அதற்குள் சிக்கல் தீரவில்லை என்றால் எல்லாவற்றையும் இறக்கி, மறுபடி குளிர்வித்து, இன்னொரு நாள்.

ரத்துகளின் காரணங்களைப் பாருங்கள். 2023 ஏப்ரல் 17: அழுத்த வால்வு ஒன்று உறைந்துவிட்டது, ஒத்திகையாக மாற்றினார்கள். இரண்டாம் பறப்பு ஒருநாள் தள்ளியது: கிரிட் ஃபின்னை (இறங்கும் பூஸ்டரைத் திருப்பும் சல்லடைத் துடுப்பை) இயக்கும் ஆக்சுவேட்டர் மாற்ற வேண்டியிருந்தது, அதற்காக ஷிப்பையே இறக்கி வைத்தார்கள். 2025 ஆகஸ்ட் 24: தரை அமைப்பில் ஆக்சிஜன் கசிவு. மறுநாள்: மேகம்.

சரி உந்துமுனை, இந்தப் பட்டியலில் எஞ்சின் இல்லை. ஒத்துக்கொள்கிறேன்.

#16 கறுப்புஓடு

திரும்பி வர்ற பூஸ்டரைக் கையால பிடிக்கற ஏவுகோபுரத்தையும் சேத்துக்கோங்க. ஆறாவது பறப்புல (2024 நவம்பர் 19) பூஸ்டர் நல்லாத்தான் இருந்துச்சு. பிடிக்கற கோபுரத்துல இருந்த கருவிகளோட தானியங்கி ஆரோக்கியச் சோதனை தோத்ததால பூஸ்டரைக் கடலுக்குத் திருப்பிட்டாங்க. பிடிக்கலாம்னு எல்லா நிபந்தனையும் சரியா வந்து, ஃப்ளைட் டைரக்டர் கைப்படக் கட்டளை கொடுத்தாத்தான் கோபுரத்துக்கு வரும். இல்லன்னா தானா கடல்தான். பறப்புக்கு முன்னாடி கை அசைவு, வேகம், சென்சார், ஆன்டெனான்னு வெறும் கோபுரத்தையே நாள்கணக்கா ஓட்டிப் பாக்கறது இதுக்காகத்தான்.

#17 மின்மினி

கடைசியா ஒண்ணு. அடுத்த பறப்புத் தேதியைக் கணிக்கணும்னா எதைப் பாக்கணும்? அடுக்கி நிறுத்தினதும் கிளம்பிடுமா?

#18 உந்துமுனை

அடுக்கலை நம்பாதீர்கள், அடுக்குவார்கள், இறக்குவார்கள், மறுபடி அடுக்குவார்கள். என் வரிசை இது. முதலில் ஸ்டாட்டிக் ஃபயருக்குப் பிறகு பூஸ்டர் கூடத்துக்குத் திரும்பியதும் எஞ்சின் மாற்றம் நடக்கிறதா என்று பாருங்கள். மாற்றிய எஞ்சினுக்காக மறுபடி ஒரு ஃபயர் வந்தால் வாரக்கணக்கில் போகும். அடுத்து கடலோடிகளுக்கும் விமானங்களுக்குமான எச்சரிக்கை அறிவிப்பு. பிறகு டெக்சாஸ் ஏவுதளத்துக்குப் போகும் நெடுஞ்சாலை 4 மூடல். சோதனைக்கும் மூடுவார்கள் என்பதால் நேர இடைவெளியை வாசியுங்கள். தானழிப்பு அமைப்புக்கான வெடிமருந்து ஏறிவிட்டால் நாள்கணக்குதான். அதற்குப் பிறகும் ஒரு வால்வு உறையலாம் என்பதால், எரிபொருள் ஏற்றம் தொடங்கும்வரை எவர் கேட்டாலும் நான் தேதி சொல்வதில்லை.